ஹிப்னோதெரபி உங்களுக்குச் சரிவருமா? காசு கட்டுமுன் பார்க்க வேண்டியவை

"ஹிப்னாடிசம் செய்தால் சுகமாகுமா அக்கா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "எதுக்கு?" என்றுதான். ஒருவருக்குப் பத்து வருடமாக வயிற்றுக்குத்து. ஒருவர் சிகரெட்டை விட வேண்டும். இன்னொருவரின் மகள் ஏ.எல். சோதனைக்கு மனம் வைத்துப் படிக்கிறாளில்லை. மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஆனால் விளம்பரம் போடுகிறவர்கள் மூன்று பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "ஓம், சுகமாகும், வாங்க."

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மட்டக்களப்புப் பக்கத்து ஆரையம்பதியில் இருக்கிறேன். ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாடிசத்தை வைத்துச் செய்யும் சிகிச்சை, என் தொழிலில்லை. யாரை எங்கே அனுப்பலாம், எங்கே அனுப்பக் கூடாது என்று பார்ப்பதுதான் தொழிலாக இருந்தது. பேஸ்புக்கில் புது விளம்பரம் ஒன்று வந்தால் இன்றைக்கும் கேற்றடியில் யாராவது வந்து நிற்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வசியப் பயம் இருந்தால் முதலில் அது தீரட்டும்

மட்டக்களப்பார் ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் சொல்லிச் சொல்லி, நாமே பாதி நம்பிவிட்டோம். அதனால் ஹிப்னாடிசம் என்றதும் வசியம், மருந்து போடுதல், கட்டு என்றுதான் நமக்கு மனம் ஓடும். காத்தான்குடிப் பக்கத்துத் தங்கச்சிமார், "இது சிஹ்ர் (சூனியம்) மாதிரி ஏதுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

இந்தச் சந்தேகம் ஐரோப்பாவிலும் இருந்தது. வியன்னாவிலிருந்து பாரிசுக்கு வந்த மெஸ்மர் என்ற மருத்துவர், காந்தம் போன்ற ஒரு சக்தி தன்னிடமிருந்து நோயாளிக்குள் பாய்கிறது என்றார். 1784இல் பிரெஞ்சு மன்னர் இதை விசாரிக்க ஒரு குழுவை நியமித்தார். பெஞ்சமின் பிராங்ளினும் வேதியியலாளர் லவாய்சியரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். பிராங்ளினின் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் 'காந்தம் ஏற்றி' வைத்துவிட்டு, ஒரு பையனின் கண்ணைக் கட்டி மரம் மரமாகக் கூட்டிப் போனார்கள். ஏற்றிய மரத்தை அடையுமுன்னே, ஒன்றும் செய்யாத வேறொரு மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். சக்தி என்று ஒன்றும் பாயவில்லை, வேலை செய்தது அவனுடைய கற்பனைதான் என்று குழு எழுதியது. மெஸ்மரின் பெயர் அதோடு கெட்டது. ஆனால் எனக்கு அந்தப் பையன்தான் முக்கியம். காந்தம் பொய், அவன் விழுந்தது உண்மை.

இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகிற எல்லாம் இந்த ஒரு விசயத்திலிருந்துதான் வருகிறது. ஹிப்னாடிசத்தில் வேலை செய்யும் திறமை, வாங்குகிறவரிடம் இருக்கிறது. செய்கிறவர் வழிதான் காட்டுகிறார். ஆகவே 'பெரிய ஆள் யார்' என்று தேடுமுன், 'எனக்கு இது பொருந்துமா, என் நோய்க்கு இது பொருந்துமா' என்று பார்க்க வேண்டும்.

பேய் பிசாசுக் கதைகளைத் தீவு முழுக்கத் துருவித் திரிந்து, அமானுஷ்ய சக்தியை நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று 1963இல் சவால் விட்ட ஆபிரகாம் கோவூரும் தன்னிடம் வந்தவர்களுக்கு ஹிப்னாடிசத்தைப் பயன்படுத்தினார். மாந்திரிகத்தை அவ்வளவு எதிர்த்த மனிதர் இதைக் கையில் எடுத்தார் என்றால், இதில் மாந்திரிகம் இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அமர்வில் நடப்பது இவ்வளவுதான். கதிரையில் சாய்ந்திருப்பீர்கள், கண் மூடியிருக்கும், கவனம் ஒரு குரலிலோ மூச்சிலோ ஒரு காட்சியிலோ குவிந்திருக்கும். அந்த நிலையில் சொல்லப்படும் யோசனைகள் உடம்பில் சற்று இலகுவாக இறங்கும். வெளியே ஓட்டோ ஹோர்ன் அடிப்பது கேட்கும். விருப்பமில்லாவிட்டால் எழும்பி வரலாம். திரும்ப எழும்ப முடியாமல் போய்விடுமா என்று கேட்பார்கள்: முடியாமல் போகாது. செய்கிறவர் பாதியில் எழும்பிப் போனாலும் நீங்கள் தானாகக் கண் விழிப்பீர்கள், இல்லாவிட்டால் சும்மா தூங்கி எழும்புவீர்கள். பாங்க் கார்ட் இலக்கமும் வாயிலிருந்து தானாக வந்துவிடாது.

எல்லோருக்கும் ஒரே அளவில் வராது என்பதை நம்மூர்க்காரருக்கு விளக்குவது சுலபம். வைகாசிச் சடங்கில் கண்ணகை அம்மன் கோயிலில் அதே உடுக்கு, அதே சாம்பிராணிப் புகை, அதே காவியம். சிலருக்குத் தெய்வம் வரும். பக்கத்தில் நிற்கிறவர் கைகூப்பியபடி நிற்பார். அவரின் பக்தி ஒன்றும் குறைந்ததில்லை. கோயிலில் நடப்பதும் கிளினிக்கில் நடப்பதும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு என்பது நமக்குக் கண்ணால் கண்டு பழக்கப்பட்ட விசயம் என்கிறேன்.

உங்கள் குறை எது?

ஆதாரம் கனமாக இருப்பது வயிற்றுக்கு. வயிற்றுக்குத்து, ஊதல், ஒரு கிழமை மலச்சிக்கல், மறு கிழமை வயிற்றோட்டம், எண்டோஸ்கொப்பி வரை எல்லாச் சோதனையும் செய்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவார்கள். டொக்டர்மார் இதை ஐ.பி.எஸ். என்பார்கள். 1984இல் மான்செஸ்டரில் பீற்றர் வோர்வெல் என்ற குடல் நோய் வைத்தியர், எந்த மருந்துக்கும் கேட்காத 30 பேரை வைத்து ஹிப்னோதெரபியைப் பரீட்சித்து, நல்ல முன்னேற்றம் கண்டதாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அதற்குப் பிறகு இந்த வேலை வளர்ந்து, 2008இல் பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டுதல் எழுதும் நைஸ் நிறுவனம், 12 மாதம் மருந்து எடுத்தும் அடங்காத ஐ.பி.எஸ். காரருக்கு ஹிப்னோதெரபியையும் யோசிக்கலாம் என்று வழிகாட்டுதலில் சேர்த்தது. நெதர்லாந்தில் 8 முதல் 18 வயதுப் பிள்ளைகள் 53 பேரிடம், காரணம் தெரியாத வயிற்றுவலிக்குச் செய்து பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து, ஹிப்னோதெரபி பெற்றவர்களில் 85 வீதம் பேர் தேறியிருந்தார்கள். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 25 வீதம்.

எப்படிச் செய்கிறார்கள்? கையை வயிற்றில் வைத்து, உள்ளங்கைச் சூடு உள்ளே இறங்குவதாக நினைக்கச் சொல்வார்கள். ஆறு ஒன்று தடையில்லாமல் ஓடுவதைக் காணச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த படுவான்கரை ஆசிரியை ஒருவருக்கு ஆறு ஒத்துவரவில்லை. "எங்கட ஊர்ல ஆறு எண்டா வெள்ளம்தான் ஞாபகம் வருது டொக்டர்" என்றாராம். சரி, உங்களுக்கு எது வருகிறது என்று அந்த வைத்தியர் கேட்க, அவர் எடுத்தது முகத்துவாரம் (வாவி கடலில் சேரும் வாய்) வெட்டுவதை. மாரியில் வயலெல்லாம் தண்ணி ஏறி நிற்கும், முகத்துவாரத்தை வெட்டிவிட்டதும் வாவி மெல்ல இழுத்து இறங்கும், வரம்பு தலைகாட்டும். வயிறு ஊதி நிற்கும்போது அந்த வரம்பு தெரிகிற நேரத்தைத்தான் அவர் கண்ணுக்குள் கொண்டுவருவார். காட்சியை அவருக்குத் திணிக்காமல் அவரிடமிருந்தே எடுத்தார் பாருங்கள், அதுதான் நல்ல கைக்கு அடையாளம்.

ஆனால் ஒரு நிபந்தனை. மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவது, இரத்தச்சோகை, நித்திரையை முறித்து எழுப்பும் வலி, ஐம்பதைத் தாண்டிய பிறகு புதிதாகத் தொடங்கிய மாற்றம், இதில் ஒன்று இருந்தாலும் முதலில் ஆஸ்பத்திரி. ஐ.பி.எஸ். என்று வைத்தியர் சொல்ல வேண்டும், விளம்பரக்காரர் சொல்லக் கூடாது.

அடுத்தது வலி. மயக்க மருந்து வருமுன்பே, 1845 அளவில் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் இந்த முறையில் நோயாளிகளை ஆழ்த்தி, பெரிய சத்திரசிகிச்சைகளைச் செய்தார். ஈதரும் குளோரோபோமும் வந்ததும் அது மறைந்தது, மறைந்ததும் நியாயம்தான். இன்றைய கணக்கு 2019இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் இருக்கிறது. 85 பரிசோதனைகள், 3,600க்கு மேற்பட்ட ஆட்கள். ஆய்வுகூடத்தில் வலியைக் கொடுத்து அளந்தபோது, ஹிப்னாடிச நிலைக்குள் நன்றாக ஆழ்கிறவர்களுக்கு வலி 42 வீதமும், நடுத்தரமானவர்களுக்கு 29 வீதமும் குறைந்தது. ஆழாதவர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. இந்த மூன்று வரியையும் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். 'வலிக்கு ஹிப்னாடிசம் வேலை செய்யுமா' என்ற கேள்விக்கு ஆளைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

நாரிநோ, தலைவலி, புற்றுநோய் வலி ஆகியவற்றுக்கு மருந்தோடு சேர்த்துச் செய்யலாம். மருந்தை நிறுத்திவிட்டு வேண்டாம். நியூயோர்க்கில் 2007இல் மார்பகச் சத்திரசிகிச்சைக்கு வந்த 200 பெண்களில் பாதிப்பேருக்கு, தியேட்டருக்குப் போகுமுன் பதினைந்து நிமிடம் மட்டும் செய்து பார்த்தார்கள். அவர்களுக்கு வலியும் குமட்டலும் களைப்பும் குறைவாக இருந்தன. ஊசிக்குப் பயம், பல் கழற்றப் பயம் போன்றவற்றுக்கும் இது நல்ல துணை.

பெண்கள் வெளியே சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். மாதவிடாய் நின்ற காலத்தில் உடம்பு குபீரென்று சுட்டு வியர்ப்பது. ரெக்சாசில் 187 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, கிழமைக்கு ஒன்றாக ஐந்து அமர்வு கொடுத்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பன்னிரண்டாம் கிழமையில் ஹிப்னோதெரபிக் குழுவுக்கு அந்தச் சூடு வரும் தடவைகள் 74 வீதம் குறைந்திருந்தன, மற்றக் குழுவுக்கு 17 வீதம். ஹோமோன் மருந்து எடுக்க முடியாதவர்கள் வைத்தியரிடம் இதைப் பற்றி வாய் திறந்து கேட்கலாம்.

இனி விளம்பரத்தில் அதிகம் வருகிறவை. சிகரெட்டை ஒரே அமர்வில் விடலாம் என்பார்கள். 2019இல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் குழு 14 ஆய்வுகளை, 1926 பேரைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, மற்ற முறைகளை விட இது சிறந்தது என்று சொல்ல ஆதாரம் போதாது என்றது. (நம் நாட்டு மனநல உதவித் தொலைபேசியும் 1926தான். தற்செயல், ஆனால் இலக்கம் மனதில் நிற்கும்.) சிகரெட்டுக்கும், புகையிலை வைத்துப் போடும் வெற்றிலைக்கும் இதை முயன்று பார்ப்பதில் கெடுதலில்லை. காசை அள்ளிக் கொடுப்பதில்தான் கெடுதல்.

சாராயமும் கசிப்பும் வேறு கதை. நாளும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனம் குழம்பிப் பிதற்றுதல் வரலாம். உயிரே போகலாம். அவரை ஹிப்னாடிசத்துக்குக் கூட்டிப் போவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். உயிரை விடும் எண்ணம் வருகிற அளவுக்கு மனச்சோர்வு உள்ளவருக்கும் அதுதான். அந்த இரவிலேயே 1926க்கு எடுக்கலாம்.

ஏ.எல். பிள்ளைக்கு? சோதனை மண்டபத்தில் கை நடுங்குவதைக் குறைக்க உதவலாம். படிக்காத பாடம் உள்ளே இறங்காது.

ஆள் எப்படி என்று வீட்டிலேயே பார்ப்பது

1959இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வைற்சன்ஹோஃபரும் ஹில்கார்டும் ஓர் அளவுகோல் செய்தார்கள். அதை வைத்து அளந்தால் பத்தில் ஒருவரோ கொஞ்சம் கூடவோ மிக எளிதாக ஆழ்வார், அதே அளவுக்குச் சிலர் கிட்டத்தட்ட ஆழவே மாட்டார்கள், மற்ற எல்லோரும் நடுவில். ஒரே ஆட்களை 25 வருடம் கழித்து அளந்தபோதும் அவரவர் இடம் பெரிதாக மாறவில்லை. புத்திசாலிக்கு வராது, மனத்திடம் இல்லாதவருக்குத்தான் வரும் என்பதெல்லாம் வெறும் கதை. பிள்ளைகளில் எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்காரர் பெரியவர்களை விட எளிதாக ஆழ்வார்கள். கதைப் புத்தகத்தில் தலையை விட்டால் கூப்பிட்டும் கேட்காதவர்கள், விடிய விடியக் கூத்துக் களரியில் இருந்து அருச்சுனனோடு சேர்ந்து அழுகிறவர்கள் சற்று மேல் பக்கம் வரலாம்.

அந்த அளவுகோலில் இருப்பதைப் போன்ற சிலதை வீட்டில் செய்து பார்க்கலாம். அமைதியான அறை, நம்பிக்கையான ஒருவர், பத்து நிமிடம் போதும்.

கண்ணை மூடி வலது கையை நேரே நீட்டுங்கள், உள்ளங்கை மேலே பார்க்கட்டும். மற்றவர் மெதுவாகச் சொல்ல வேண்டும்: கிணற்றிலிருந்து அள்ளிய வாளி ஒன்று உங்கள் கையில் தொங்குகிறது, வாளி நிறையத் தண்ணி, கயிறு உள்ளங்கையை அறுக்கிறது, தோள் இழுக்கிறது, கை இறங்குகிறது. இரண்டு நிமிடம் இப்படியே. நீங்கள் இறக்கவும் வேண்டாம், பிடித்து நிறுத்தவும் வேண்டாம். கண்ணைத் திறந்து பாருங்கள். அரை அடிக்கு மேல் இறங்கியிருந்தால், அதுவும் 'நான் இறக்கவில்லையே' என்று தோன்றினால், உங்களுக்கு வருகிறது. பிறகு தேசிக்காய்: கத்தி இறங்கும் சத்தம், விரலில் தெறிக்கும் சாறு, பாதியை நாக்கில் பிழிவது. வாயூறினதா, தாடை கூசியதா? ஸ்டான்ஃபோர்ட்காரர் இல்லாத நுளம்பு ஒன்றை ரீங்காரமிடவும் விடுவார்கள். நம்மூரில் அதை மாலை ஆறு மணிக்குப் பிறகு செய்ய வேண்டாம், முடிவு பிழையாக வரும்.

இது கரடுமுரடான சோதனைதான். ஒன்றும் நடக்காவிட்டாலும் முழுக்க ஒதுக்க வேண்டாம். ஆட்களோடு பழகிய கை சற்று வேறு மாதிரிக் கொண்டுபோகலாம். இரண்டு மூன்று தடவை பார்த்தும் கை அசையவில்லை, நாக்கு ஊறவில்லை என்றால், பேச்சுமுறைச் சிகிச்சை, மூச்சுப் பயிற்சி, நடை, மருந்து என்று வேறு நல்ல வழிகள் உண்டு. அவற்றுக்கு இந்தத் திறமை தேவையில்லை.

இவர்கள் போக வேண்டாம்

இல்லாத குரல் கேட்கிறவர், யாரோ தன்னைப் பின்தொடர்கிறார் என்று உறுதியாக நம்புகிறவர், ஸ்கிசோஃப்ரேனியா உள்ளவர், பைபோலார் நோயில் மனம் உச்சத்தில் நிற்கிறவர் ஆகியோருக்கு இது நோயைக் கூட்டலாம். சில வகை ஆளுமைக் கோளாறு உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். அடிக்கடி தன்னை மறந்து போகிறவர், வலிப்பு உள்ளவர், தங்களைப் பார்க்கும் மனநல வைத்தியரைக் கேட்காமல் போகக் கூடாது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசும் இல்லை. அங்கே போவதை யாராவது கண்டுவிடுவார்களோ என்று பயந்து தனியாரிடம் ஹிப்னாடிசத்துக்குப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வெட்கம்தான் பலருக்குக் காலத்தைத் தின்கிறது.

கிழக்கில் இருக்கிற நமக்கென்று தனியாக இரண்டு விசயம் உண்டு.

ஒன்று, கடல். யூடியூபில் கிடைக்கும் ஒலிப்பதிவுகளில் பாதி, 'நீங்கள் ஒரு கடற்கரையில் நிற்கிறீர்கள், அலை மெல்ல உங்களை நோக்கி வருகிறது' என்றுதான் தொடங்கும். எங்கேயோ இருக்கிற ஒருவருக்கு அது ஆறுதல். கல்லடியிலும் நாவலடியிலும் மருதமுனையிலும் திருக்கோவிலிலும் 2004 மார்கழி 26ஆம் திகதியைக் கண்ட ஒருவருக்கு, கண்ணை மூடி அந்த வரியைக் கேட்பது என்னவாக இருக்கும்? மூச்சு முட்டி எழும்பி ஓடியவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சை தொடங்குமுன் 'என்ன காட்சி உங்களுக்கு ஆகாது' என்று கேட்காதவர் இங்கே வேலை செய்யத் தகுதியற்றவர். நீங்களாகவே சொல்லிவிடுங்கள்: அலை வேண்டாம், படியிறங்கி இருட்டுக்குள் போவது வேண்டாம், ஹெலிகொப்டர் சத்தம் வேண்டாம். வயல் வரம்பு, வேப்பமர நிழல், அம்மம்மா வீட்டு விறாந்தை, எது வேண்டுமோ அதைச் சொல்லுங்கள். யுத்தத்தாலும் சுனாமியாலும் வந்த மனவடுவே உங்கள் முதன்மைக் குறை என்றால், அதற்கென்று பயிற்சி பெற்ற மனநலக் குழுவிடம்தான் தொடங்க வேண்டும். ஹிப்னோதெரபி அவர்கள் விரும்பினால் பிறகு சேரலாம்.

மற்றது, ஞாபகம். நகை களவு போனால் வெற்றிலையில் மை தடவிப் பிள்ளையைப் பார்க்கவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதே நம்பிக்கையோடு இப்போது ஹிப்னாடிசக்காரரிடம் போகிறார்கள். 'ஆழ்ந்த மனதில் எல்லாம் பதிந்திருக்கும், வெளியே எடுத்துத் தருகிறேன்' என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஹிப்னாடிச நிலையில் வரும் ஞாபகம் சாதாரண ஞாபகத்தை விட நம்பத்தக்கதில்லை என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985இலேயே சொல்லிவிட்டது. நடந்ததும் நினைத்ததும் கலந்து வரும். வந்தது பொய்யாக இருந்தாலும், இது உண்மை என்ற உறுதி மட்டும் கூடிவிடும்.

நகையென்றால் போகட்டும். பிள்ளையை யார் கூட்டிப் போனது, அன்றைக்கு எந்த நிற வாகனம் நின்றது, யாருடைய முகம் என்று 1990ஆம் ஆண்டு யுத்த காலத்திலிருந்து தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம், "எனக்குள்ள இருக்கு, மகள், வெளிய எடுக்க ஆரும் இருந்தாச் சொல்லு" என்று கேட்டார். அனுப்பவில்லை. அங்கே ஒரு முகம் உருவாகி வந்திருந்தால், அது எவருடைய முகமாகவும் இருக்கலாம். அடுத்த வீட்டாருடையதாகவும் இருக்கலாம். அதோடு எப்படி வாழ்வது? சாட்சியம் சொல்ல வேண்டிய எந்த விசயத்தைப் பற்றியும் ஹிப்னாடிசத்தின் கீழ் பேசவே வேண்டாம்.

யாரிடம் போவது

இத்துறையில் உள்ளவர்கள் சொல்லும் பழைய விதி ஒன்றை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: ஹிப்னாடிசம் இல்லாமல் உங்கள் நோயைப் பார்க்கத் தெரியாதவர், ஹிப்னாடிசத்தோடும் அதைப் பார்க்கக் கூடாது. பல் வைத்தியர் பல் பயத்துக்குச் செய்யட்டும், மனநல வைத்தியர் பதற்றத்துக்குச் செய்யட்டும். சுவர் நிறையச் சான்றிதழ் இருந்தும் வேறு தொழில் தெரியாதவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. பிரித்தானியாவிலேயே, ஹிப்னோதெரபிஸ்ட் என்று பலகை மாட்டுவதற்குச் சட்டப்படி எந்தப் பயிற்சியும் கட்டாயமில்லை. டொக்டர் என்று சொன்னால் இலங்கை மருத்துவச் சபைப் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். உண்மையான டொக்டர் கோபிக்க மாட்டார்.

போனில் முதலிலேயே கேட்க வேண்டியவை: என் நோய்க்கு இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், எத்தனை அமர்வு, சரிவராவிட்டால் எப்போது நிறுத்துவோம், என் டொக்டரோடு பேசுவீர்களா. வயிற்றுக்கு ஏழிலிருந்து பன்னிரண்டு வரை போகலாம். பத்து அமர்வுக் காசையும் முன்னாலேயே கட்டச் சொன்னால் கட்ட வேண்டாம். 'நூறு வீத உத்தரவாதம்', 'போன பிறவி', 'இன்சுலினை நிறுத்தலாம்' என்று ஏதாவது காதில் விழுந்தால் போனை வைத்துவிடுங்கள்.

பெண்கள் அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போகலாம், அதே அறையில் ஒரு மூலையில் இருக்கச் சொல்லலாம். கவனம் கலையும் என்று மறுத்தால், கலைந்தால் பரவாயில்லை என்று சொல்லுங்கள். கதவு பூட்டாமல் இருக்கட்டும். எங்கெங்கே தொடுவார், எதற்குத் தொடுவார் என்று முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். தோளையோ மணிக்கட்டையோ தாண்டி எந்தத் தொடுகையும் இந்தச் சிகிச்சைக்குத் தேவையில்லை. வயிற்றில் கை வைப்பதென்றால் உங்கள் கை.

மொழியும் முக்கியம். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்து இதைச் செய்வது கஷ்டம். தமிழிலேயே என்றாலும், உங்களுக்கு இறங்கும் தமிழாக இருக்க வேண்டும். 'ஆழ்ந்த நித்திரை மாதிரி' என்று சொன்னால் தளரும் உடம்பு, 'ஆழ்நிலைத் தளர்வெய்துகிறீர்கள்' என்றால் விறைக்கும். சூமில் செய்பவராக இருந்தால், தொடங்குமுன் நீங்கள் இருக்கும் இடத்தையும், பக்கத்தில் இருப்பவரின் இலக்கத்தையும் கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்காதவர், இடையில் ஏதும் நடந்தால் என்ன செய்வது என்று யோசிக்காதவர்.

தொடங்கின பிறகு

முதல் அமர்வுக்கு இரண்டு கிழமை முன்பிருந்தே ஒரு கொப்பி போடுங்கள். ஒவ்வொரு இரவும் உங்கள் குறைக்குப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். வேறொன்றும் எழுத வேண்டாம். அமர்வு முடிந்து வீட்டுக்கு வரும்போது எல்லோருக்கும் மனம் லேசாகத்தான் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கொப்பியின் எண் நாலைந்து அமர்வுக்குள் இறங்கத் தொடங்காவிட்டால் அதைக் காட்டி, 'இனி என்ன செய்வோம்' என்று செய்கிறவரிடமே கேளுங்கள். நல்லவர் முறையை மாற்றுவார், அல்லது வேறிடம் அனுப்புவார்.

வீட்டில் நாளும் பதினைந்து நிமிடம் பழகாவிட்டால் பலன் நிற்பது கஷ்டம். உங்கள் அமர்வை உங்கள் போனிலேயே பதிந்து தரச் சொல்லுங்கள். நேரம் நீங்கள் வைப்பதுதான். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகோ, இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ, கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள். மேலே சீலிங்கில் ஒரு புள்ளியைப் பார்த்து, இமை கனக்கும்வரை விட்டு, மூடி, மூச்சை நீளமாக வெளியே விட்டு, உங்கள் காட்சிக்குப் போங்கள். முடிக்கும்போது ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி, கைகால்களை நீட்டி, கண் திறந்து ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். இடையில் நித்திரை வந்தால் பரவாயில்லை. ஆனால் மோட்டார்சைக்கிளில் ஹெட்செட் போட்டுக்கொண்டு இதைக் கேட்க வேண்டாம். அடுப்பில் உலை வைத்துவிட்டும் வேண்டாம்.